எம்பாட் காக்கி மேசை

எனக்கு மலாய் தெரியும் என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையிலேயே மலாயில் நல்ல மார்க் வாங்கியவள் நான் ஒருத்திதான் (என்று நானாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்). அந்தத் திமிர்தான் எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கோமதி அக்காவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

கிள்ளானிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போன கவலை அம்மாவுக்கு. "அவங்க மேசையில உட்கார்ந்து சாப்பிடுற குடும்பமாம்" என்று தரகர் வேறு சொல்லிவிட்டுப் போக, எங்கள் தீப்பெட்டி ஹாலுக்கு ஒரு சாப்பாட்டு மேசை வாங்குவதென்று முடிவானது. "நாலடிக்கு மேல ஒரு இஞ்ச் கூடாது" என்றார் அப்பா. நான் விடுவேனா? நான் வேலை பார்த்த ஆபீஸ் போனிலேயே, சாலாக் செலாத்தானில் இருந்த மரச்சாமான் கடையின் சீன முதலாளியிடம், அதான் தவுக்கேயிடம், மலாயில் விளாசினேன்.

"மேஜா எம்பாட் காக்கி அடா?" (நாலடி மேசை இருக்கா?)

"அடா, அடா! செமுவா எம்பாட் காக்கி லா!" (இருக்கு, எல்லாமே அப்படித்தான்!)

மலாயில் எம்பாட் என்றால் நாலு, காக்கி என்றால் அடி. (போலீஸ் காக்கி இல்லை.) கால் என்றாலும் அதே காக்கிதான். தவுக்கே காதில் விழுந்தது நாலு கால் மேசை. எந்தக் கடையில் மூணு கால் சாப்பாட்டு மேசை விற்கிறான்? இது எனக்கு உறைத்தது சனிக்கிழமை சாயங்காலம், லோரியிலிருந்து எட்டடி மேசை இறங்கியபோதுதான்.

லோரிக்காரர்கள் கால்களை முடுக்கிவிட்டுப் போயே போய்விட்டார்கள். நீளவாக்கில் போட்டால் வாசற்கதவு திறக்கவில்லை. குறுக்கே போட்டால் சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு குறுக்கேயே போடச் சொன்னாள். வருகிறவர்கள் இந்தப் பக்கம். அடுப்படியும் அக்காவும் அந்தப் பக்கம். பின்வாசல் வழியாகச் சுற்றி வரலாம் என்றால், அவர்கள் வந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது பாருங்கள் மழை!

பட்டுச்சேலையோடு அக்கா, பேங்க் கவுண்டரில் நிற்கிற மாதிரி மேசைக்குப் பின்னால் நின்றாள். தேத்தண்ணித் தட்டை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பொண்ணு ஏன் நடந்தே வரல? கால்ல ஏதும் குறையா?"

அப்பா என்னைப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்டிபோட்டு, கையையும் ஊன்றி, மேசைக்கு அடியில் புகுந்தார். அந்தப் பக்கம் அக்காவின் காலடியில்தான் தலை வெளியே வந்தது.

"ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கும்மா!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் அம்மாவும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது, அப்படி ஒரு நிம்மதி.

சீர்வரிசையோடு அந்த மேசையும் கிள்ளானுக்கே போய்விட்டது. அவர்கள் வீட்டு ஹாலில் அது பாந்தமாகப் பொருந்தியது. போன தீபாவளிக்கும் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அந்தத் தவுக்கே என்னை ஏமாற்றிவிட்டான் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"அவரு சரியாத்தான் கொடுத்தாரு லா" என்றார் அத்தான், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "உங்க அக்காகிட்ட நான் எப்படி வந்தேன்? எம்பாட் காக்கியிலதானே!"