வயிற்றுக்குள் குடியிருப்பவர்கள்

"வாயத் தொறங்க மாப்ள," என்றார் மாமனார்.

பஸ் டிரைவர் திறந்தார். நாக்குக்கு அடியில் பூச்சி மாத்திரை ஒளிந்திருந்தது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு, இருமல் வந்ததாகச் சமாளித்தார்.

"அதனாலென்ன, வேற இருக்கு!"

மாமனார் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். மகள் வீட்டுக்குப் பழம் வாங்கி வரமாட்டார். பூச்சி மாத்திரைதான் கொண்டுவருவார்.

டிரைவருக்கோ தன் வயிற்றிலிருக்கும் பூச்சிகள் உயிருக்குச் சமம். வயிறு அவரைப் பல வருஷம் படாத பாடு படுத்தியிருக்கிறது. பயணிகளை நடுவழியில் விட்டுவிட்டுக் கழிப்பறை தேடி ஓடிய மனிதர். கடைசியில் ரகசியமாக ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார். குடலில் கொஞ்சம் புழுவைக் குடியேற்றினால் நல்ல பாக்டீரியா பெருகுமா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். புழு முட்டையைக் குடித்ததிலிருந்து வயிறு கப்சிப்.

டீச்சர் மனைவியிடம் சொல்லவில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறுகிறவள், புழுக்கூட்டத்தோடு குடித்தனம் நடத்துவாளா?

"நேத்தே ஒண்ணு போட்டுட்டேன் மாமா," என்று புளுகினார்.

"ரொம்ப நல்லது. ரெண்டாவதையும் போட்டுட்டா வேரோட போயிடும்."

"மொதல்ல உங்க பொண்ணுக்குக் குடுங்க."

"ஐயோ, எனக்கு என்ன அவசரம்? அவருக்கே குடுங்கப்பா," என்றாள் மனைவி.

மாமனார் சமையலறைக்குள் போனார். இரண்டு டம்ளரில் ஆரஞ்சு ஜூஸோடு வந்தார். டிரைவரின் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. மனைவி குழாயை மூடப் போன நேரம் பார்த்து டிரைவர் டம்ளர்களை மாற்றி வைத்தார். மனசு உறுத்தியது. 'பூச்சி மருந்துதானே, அவளுக்கு ஒண்ணும் ஆகாது' என்று தேற்றிக்கொண்டார்.

இருவரும் ஒரே மடக்கில் குடித்தார்கள். இருவர் முகமும் கோணியது.

"மாத்தி வச்சதைப் பாத்தேன் மாப்ள," மாமனார் சிரித்தார். "ரெண்டுலயும்தான் கலந்திருக்கேன்."

மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி அவசரமாகக் கிளம்பினாள். டிரைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"எல்லாம் செத்திருக்கும் சிஸ்டர்," என்று கண்ணைத் துடைத்தார். "பாவம், என்னை நம்பி வந்ததுங்க."

நர்ஸ் அவர் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்கண்ணே. இப்பதான் ஒரு டீச்சரம்மா இதே மாதிரி அழுதுட்டு முகம் கழுவப் போயிருக்காங்க. அவங்கப்பாவும் ஜூஸ்லதான் கலந்தாராம்!"