குல்லா போட்ட சம்பந்தி

பந்து காட்டுக்குள் போய்த் தொலைய வேண்டும் என்றுதான் ஞானவேல் அடித்தார். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு நேரே பைன் மரங்களுக்குள் போனது. 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி மரத்தில் முட்டித் திரும்பி வந்து, புல்லில் உருண்டு, கொடி நட்டிருந்த குழிக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது.

"அடேயப்பா" என்றார் கூட ஆடிக்கொண்டிருந்த குரங்குக் குல்லாக்காரர். "மரத்துல முட்டவிட்டு எடுக்கறதெல்லாம் பெரிய ஆட்டக்காரங்க வித்தைங்க."

கொடைக்கானலில் அன்று காலை, ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று பயந்துகொண்டே மட்டை பிடித்த ஒரே ஆள் தான்தான் என்று ஞானவேல் நினைத்துக்கொண்டிருந்தார்.

பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்குக் கோல்ஃப் எதற்கு என்றால், அதைக் கல்யாணத் தரகர் திருமலைச்சாமியிடம்தான் கேட்க வேண்டும். 'ஓட்டல்ல உட்கார வச்சா ரெண்டு சம்பந்தியும் முறைச்சுக்கிட்டே காபியக் குடிச்சிட்டு எந்திரிச்சிடறாங்க. பச்சப் புல்லுல ஆடவிட்டா மனசு விட்டுப் பழகுவாங்க' என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதற்காக ஒரு ரிசார்ட்டில் 'கோல்ஃப் விடுமுறை' என்று ஏற்பாடு செய்திருந்தார். பெண்ணைப் பெற்றவரும் பையனைப் பெற்றவரும் காலையில் ஆட வேண்டும். ஒத்துப்போனால் மதியம் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஞானவேலும் மொட்டைமாடியில் கடையின் நீளக் கரண்டியால் எலுமிச்சம்பழத்தை அடித்துப் பழகிக்கொண்டு மலை ஏறியிருந்தார்.

மகள் தேவசேனா வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள். இந்தப் பையனோடு வீடியோவில் பேசி முடித்துவிட்டு வந்து, "சரிப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதிலிருந்து ஞானவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ரிசார்ட் அறையில் மனைவி சண்முகவள்ளி மஃப்ளரைக் கட்டிவிட்டுக்கொண்டே அவரைத் தரைக்கு இறக்கினாள்.

"போன தடவை மாதிரி பண்ணிராதீங்க."

போன தடவை நடந்தது கேரம். அந்த மாப்பிள்ளையின் அப்பா ஆசையாகத்தான் கூப்பிட்டார். இவர் அவரை வரிசையாகத் தோற்கடித்து, கடைசியில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டுத் தொடையைத் தட்டினார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

"தோத்துட்டு வாங்க" என்றாள் சண்முகவள்ளி. "பொண்ணப் பெத்தவரு ஜெயிச்சு என்ன ஆகப்போகுது? அவரு மனசு கோணாம நடந்துக்கங்க."

மைதானத்துக்கு வந்தால் மூடுபனி. பக்கத்தில் நிற்கிற ஆளின் மீசை தெரியாத பனி. தரகர் மலைப்பாதை நெரிசலில் மாட்டிக்கொண்டு போன் செய்தார்.

"இன்னைக்கு உங்களோட சேத்து எனக்கு ரெண்டு சம்பந்தம்ங்க. ரெண்டையும் விட்டுட்டு இங்கன கெடக்கேன். நீங்க ஆரம்பிச்சிருங்க. மாப்பிள்ளை அப்பா குரங்குக் குல்லா போட்டிருப்பாரு. ஒண்ணு மட்டும், நான் வர்ற வரைக்கும் சம்பந்தப் பேச்சை எடுத்துராதீங்க."

ஞானவேல் பனிக்குள் ஒரு குரங்குக் குல்லாவைக் கண்டுபிடித்து, இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டார்.

"சார், நான் கேடிங்க. பேரு சிலுவைராஜ். பை தூக்க வந்தவன்" என்றது குல்லா. "அந்தா, அந்தப் பக்கம் ஒரு சார் நிக்கிறாரு பாருங்க."

அந்தப் பக்கமும் ஒரு குல்லா. பக்கத்தில் போவதற்குள் அவர் கைகூப்பிவிட்டார்.

"திருமலைச்சாமி சொன்னது..." என்று இழுத்தார் ஞானவேல்.

"நாந்தாங்க, நாந்தாங்க" என்றார் அவர்.

பேரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று நாக்கு வரை வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து 'நீங்க யாரு' என்று கேட்பதா என்று விழுங்கிவிட்டார்.

இப்படித் தொடங்கிய ஆட்டத்தில்தான் பந்து மரத்தில் முட்டித் திரும்பி வந்திருக்கிறது. இனி குல்லாக்காரர் ஜெயித்தால்தான் மானம் பிழைக்கும். அவர் மட்டையை ஓங்கினார். பந்து குழிக்கு நேர் எதிர்த் திசையில், வந்த வழியே பறந்து மறைந்தது.

"கை தவறிப்போச்சுங்க" என்றார். முகத்தில் வருத்தம் ஒரு பொட்டுகூட இல்லை.

"சார், குழி இந்தப் பக்கம்" என்றார் சிலுவைராஜ்.

"தெரியும்ப்பா."

தேடிப் போகிற வழியில் குல்லாக்காரர் தன் பிளாஸ்க்கைத் திறந்து ஞானவேலுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். ஞானவேல் குடித்த தம்ளரை வாங்கித் தானே கழுவினார். ஷூவில் சேறு என்று குனியப்போனார். ஞானவேல் பதறிப்போய் இரண்டடி பின்னால் குதித்தார். மாப்பிள்ளை வீட்டார் என்றால் எப்படி இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் தம்பியின் சம்பந்தி, பந்தியில் அப்பளம் நொறுங்கியிருக்கிறது என்று எழுந்து போனவர்.

அடுத்த குழியில் காட்டுமாடு நின்றது. கறுப்பாக, ஒரு மினி வேன் அளவுக்கு, கொடிக்குப் பக்கத்தில் புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கி இவர்களைப் பார்த்தது.

"சத்தம் போடாதீங்க சார்" என்று கிசுகிசுத்தார் சிலுவைராஜ். "ஒவ்வொருத்தரா வெரசாப் பின்னால வாங்க."

"நீங்க போங்க" என்றார் ஞானவேல்.

"ஐயோ, நீங்க முதல்ல போங்க."

"நீங்க இருக்கும்போது நான் முன்னால போறதாங்க?"

"அது முறையில்லீங்க. நீங்கதான் போகணும்."

இருவரும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிலுவைராஜ் மட்டும் மரத்துக்குப் பின்னால் போய் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். மாடு கொஞ்ச நேரம் இந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அலுத்துப்போய்ச் சோலைக்குள் இறங்கிவிட்டது.

ஞானவேலுக்கு மாட்டுப் பயம் போய் வேறு பயம் பிடித்துக்கொண்டது. உயிர் போகிற நேரத்தில்கூட ஒரு மாப்பிள்ளையின் அப்பா இப்படி வளைவாரா? 'இதோ வர்றேன்' என்று ஒதுங்கிப் போய், சிக்னல் கிடைத்த மரத்தடியில் நின்று சண்முகவள்ளிக்குப் போன் செய்தார்.

"தோத்துட்டீங்களா?"

"தோக்க விட மாட்டேங்கறாரு. டீ ஊத்தித் தர்றாரு. ஷூவத் தொடைக்க வர்றாரு."

"ஏங்க, பையனப் பெத்தவரு இப்படிக் குழையறாருன்னா பையன்கிட்ட என்னமோ கோளாறு இருக்கு. தரகர் சொன்னதெல்லாம் தூக்கிப் போடுங்க. நேராக் கேட்டுட்டு வாங்க. நம்ம பிள்ளை வாழ்க்கை."

தேவசேனா "சரிப்பா" என்று சொன்னபோது இருந்த முகம் ஞானவேலின் கண்ணுக்கு முன்னால் வந்தது. திரும்பி வந்து, மட்டையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"பேசக்கூடாதுன்னு தரகர் சொல்லியிருக்காரு. இருந்தாலும் மனசு கேக்கலீங்க. ஏதாவது குறை இருந்தா மறைக்காமச் சொல்லிருங்க."

குல்லாக்காரர் முகம் வாடிவிட்டது. இந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லிடறேங்க. எங்க பிள்ளைக்குச் சமையல் அவ்வளவா வராது."

ஞானவேல் காதைத் தடவிக்கொண்டார். பையனுக்குச் சமையல் வராது என்று கண் கலங்குகிற தகப்பனை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அதெல்லாம் ஒரு குறையாங்க?"

"காலையில வெள்ளனே எந்திரிக்காது. சொல்லிக்கிட்டேதான் இருக்கோம்."

"சின்னஞ்சிறுசுதானேங்க."

"அப்புறம்..." குல்லாக்காரர் எச்சிலை விழுங்கினார். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகணும்னு ஆசைப்படுது. உங்களுக்குச் சம்மதம் இல்லைன்னா சொல்லுங்க, விட்டுரச் சொல்லிடறேன்."

ஞானவேலுக்குத் தலை சுற்றியது. சமைக்கத் தெரியாமல், வேலைக்கும் போகாமல் ஒரு மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வான்?

"ஐயோ, வேண்டாங்க. வேலைக்குப் போகட்டும். தாராளமாப் போகட்டும். போகணும்."

குல்லாக்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு வார்த்தை யாருங்க சொல்லுவா? ரெண்டு எடத்துல இதுக்காகவே வேண்டாம்னு போயிட்டாங்க. கவலையே படாதீங்க. உங்க வீட்டுக்கு வந்து எல்லாரையும் அனுசரிச்சு நடந்துக்கும்."

'வீட்டுக்கு வந்தா? அப்படியானால் வீட்டோட மாப்பிள்ளையா?' ஞானவேலின் மனசு தடதடவென்று பழனிக்கு ஓடி, மாடி அறையில் விற்காமல் கிடக்கும் அண்டாக்களை எங்கே ஏறக்கட்டுவது என்று பார்க்க ஆரம்பித்தது. ஒன்றுமே புரியவில்லை. ஆனால் மகள் கண் எதிரிலேயே இருப்பாள் என்பது மட்டும் புரிந்தது. அதற்கு மேல் புரிய வேண்டியதும் இல்லை என்று தோன்றியது.

கடைசிக் குழியில் இரண்டு பந்தும் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் கிடந்தன. ஞானவேல் மெல்லத் தட்டினார். பந்து குழியைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. குல்லாக்காரர் தட்டினார். அது இந்தப் பக்கம் வந்தது. இருவரும் மாறி மாறித் தட்டினார்கள். குழி அப்படியே காலியாக இருந்தது.

"சார், ரெண்டு பேரும் எம்புட்டு நேரமா அதச் சுத்திச் சுத்தியே வர்றீங்க" என்றார் சிலுவைராஜ். "கண்ண மூடிட்டு அடிச்சாலும் விழுந்திரும் சார்."

"விழுந்துட்டா என்ன பண்றது?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அப்போது முதல் குழியின் பக்கமிருந்து பனியைப் பிளந்துகொண்டு ஒரு கூச்சல் கேட்டது. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அங்கே ஏதோ முனகலாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது 'ஏலே', 'வாலே' என்று தெளிவாகவே வந்தது.

"நல்லது பேசற நேரத்துல இது என்னங்க அபசகுனம்" என்று முகம் சுளித்தார் குல்லாக்காரர்.

"சிலுவைராஜ், கொஞ்சம் போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றார் ஞானவேல். "இங்க ரெண்டு குடும்பம் கலக்குது. கௌரவமானவங்க ஆடுற எடம்னு சொல்லுங்க."

சிலுவைராஜ் பனிக்குள் போனார். ஞானவேல் குல்லாக்காரரின் தோளில் கை போட்டார். மனசு நிறைந்திருந்தது. தோற்க வந்த இடத்தில் ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி இருந்தது.

"மத்தியானம் சாப்பாட்டுலயே தட்டு மாத்திரலாங்களா?"

"உங்க இஷ்டம்தாங்க எங்க இஷ்டம்" என்றார் அவர்.

சிலுவைராஜ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். குல்லா ஒரு பக்கம் கோணியிருந்தது.

"என்ன, குடிச்சிட்டு ஆடுறாங்களா?"

"இல்ல சார். காலையிலேருந்து முதல் பந்தே இன்னும் அடிக்கலையாம். பொண்ணப் பெத்தவன் நீதான் முதல்ல கும்பிடணும்னு ரெண்டு பேரும் சட்டையப் பிடிச்சிட்டு நிக்கிறாங்க. யாரோ திருமலைச்சாமி சேத்துவிட்டாராம்." சிலுவைராஜ் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "விசாரிச்சுப் பாத்தா, ரெண்டு பேருமே மாப்பிள்ளைக்கு அப்பாவாம் சார்."