கேட்காமலே வழி சொல்லும் ஆலோசகர்

உலகத்தில் வழி கேட்பவர்கள் உண்டு, வழி தெரிந்தவர்கள் உண்டு. இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் பெருகிவருகிறது: கேட்காமலே வழி சொல்பவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான் என்று விசாரித்து, நீங்கள் வாயெடுப்பதற்குள் அவன் என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்லி முடித்து, மீதியைச் சொல்வதற்காக உங்கள் நிறுத்தத்திலேயே தாமும் இறங்குவாரே, அவரேதான்.

என் சித்தப்பா அந்த இனத்தின் தலைமகன். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தொழில் வழிகாட்டு ஆலோசகர்களுக்காகப் பல்கலைக்கழகம் நடத்தும் மாலைநேரப் படிப்பில் சேர்ந்தார். ஆடுகிற காலுக்குச் சலங்கை கட்டியாயிற்று. முடிதிருத்துபவரின் கத்தரியைப் பாதியில் நிறுத்தி, "உங்க விரலுக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் சரி" என்றார். தபால்காரரை வெயிலில் நிற்கவைத்து அவருடைய உள்ளார்ந்த ஆர்வங்களைத் தோண்டினார்.

படிப்போ நேர் எதிரானதைச் சொல்லிக்கொடுத்தது. "வர்றவங்க பேசணும், நீங்க கேக்கணும். அறிவுரை கூடவே கூடாது" என்று பேராசிரியை முதல் வகுப்பிலேயே சொன்னார். சித்தப்பா பலமாகத் தலையாட்டினார். வகுப்பு முடிந்ததும், அதையே இன்னும் எப்படி அழகாகச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு விளக்கினார்.

விளைவு? செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோல்வி. "இன்னொரு தடவை தோத்தா சான்றிதழ் கிடைக்காது சார்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அதுகூடப் பரவாயில்லை, பேசவுமில்லை. சித்தி பயந்துபோனாள்.

கடைசி வாய்ப்பு வந்த நாளன்று காலையில் கடைவாய்ப்பல் உயிரை எடுத்தது. பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தார். "டாக்டர், இந்த வேலை உங்களுக்கு மனசாரப் பிடிச்சிருக்கா?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா. மருத்துவர் இரண்டாவது ஊசியையும் போட்டார்.

அப்படியே தேர்வு அறைக்குப் போனார். ஒரு மேசை, மூலையில் பேராசிரியை, எதிரே கணினிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண். தேர்வுக்காக நடிக்க வந்தவள் அல்ல, உண்மையான குழப்பம். அவள் வணக்கம் சொல்வதற்குள் அவளுக்கேற்ற மூன்று வேலைகள் சித்தப்பாவின் தொண்டைவரை வந்துவிட்டன. நாக்கோ மரக்கட்டை. "ம்…" மட்டும்தான் வெளியே வந்தது.

"எனக்கு லிஃப்ட் மெக்கானிக் ஆகணும் சார். வீட்ல சொன்னா சிரிப்பாங்க."

"ம்?"

"எங்க குடியிருப்புல ஒருநாள் லிஃப்ட் நின்னுபோச்சு. மெக்கானிக் உள்ளே திறந்து காட்டினாரு. அந்தக் கம்பியும் சக்கரமும்… அன்னைலேர்ந்து வேற எதுலயும் மனசு ஓடல."

மரத்த உதட்டோரம் எச்சில் வழிந்தது. சித்தப்பா அவசரமாகக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்காகவா சார் அழறீங்க?" என்று அந்தப் பெண் தானும் அழுதாள். பிறகு சிரித்தாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தானே கேட்டு, தானே யோசித்து, தானே ஒரு முடிவுக்கு வந்து, மனமார நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

"இந்த வருஷம் இவ்வளவு பொறுமையாக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார் பேராசிரியை.

அன்று சாயங்காலம் சித்தப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு சொன்னது ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்குடா. இதுக்கு முன்னாடி யார் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருந்ததில்ல."

சித்தி விடுவாளா? "அப்போ அந்த ஊசியை வீட்டுக்கும் ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கலாமே!"

சித்தப்பா தேறினார். அந்தப் பெண்ணும் லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். ஆலோசகர் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் 'கேட்கும் கலை' பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லிச் சித்தப்பாவை அழைத்தார்கள். காவலாளி விளக்கை அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு லிஃப்ட் வேலை? பேசாம படிப்பை முடிச்சிட்டு…' என்று உங்கள் நாக்கு நுனியில் ஒரு யோசனை வந்து நின்றதா, இல்லையா? நின்றதென்றால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் அண்ணன் மகன் எழுதுகிறவனா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.