ஏழு மணிக்கு முன் காமன் சென்ஸ் இல்லை

ஜெராம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அண்ணன் புனிதனுக்கு,

தங்கை நித்தியா எழுதிக்கொள்வது. நீயும் அண்ணியும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கடிதத்தைப் பொய்யில் தொடங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்ஆப்பில் சொன்னால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். குரல் பதிவு அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறாய். தாளை அப்படி ஓட்ட முடியாது. அதனால்தான் கடிதம்.

கேட்பது ஒன்றுதான். ஷா ஆலமில் உன் வீட்டுப் பின்னறையை அம்மாவுக்கு ஒழித்துக் கொடு. அம்மா வரமாட்டேன் என்கிறாள், இந்த எஸ்டேட் லயத்து வீட்டை விட்டால் செத்துப்போவேன் என்கிறாள். விடாவிட்டாலும் அதுதான் நடக்கும் போலிருக்கிறது.

செம்பனைக் குலை திருடு போகிறது என்று கம்பெனி எஸ்டேட் முகப்பில் இரும்புக் கதவு போட்டது உனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் கோலா சிலாங்கூரில் அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்கே ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மீரா முகைதீன் அண்ணனின் வேன் அவளை ஏற்ற ஐந்து மணிக்கே வந்து கதவுக்கு வெளியே நிற்கும். கதவுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு கால் வைக்கிற இடத்தில் அம்மா நுழைந்து போக வேண்டும். போன வாரம் சறுக்கி விழுந்தாள். ஊசி போடுகிற அதே கையில் அடி. இன்னொரு தடவை அடிபட்டால் இந்தக் கை உதவாது என்று தாதி சொல்லிவிட்டார். சாவி வைத்திருக்கிற காவல்கார ஜாகாவிடம் கேட்டால், "எனக்கும் பாவமாதான் இருக்கு தங்கச்சி, தொறந்தா என் வேல போயிரும்லா" என்கிறார்.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? தமிழில் அழுதால் மேனேஜர் மதிக்கமாட்டார், ஆங்கிலத்தில் பேசு, காமன் சென்ஸ் என்ற சொல்லை ஒரு வாக்கியத்தில் சரியாக உட்கார வை, கெஞ்சல் மாதிரியும் இருக்காது, சண்டை மாதிரியும் இருக்காது என்றாய். வாக்கியத்தையும் நீயே எழுதி அனுப்பினாய். 'இட் இஸ் ஒன்லி காமன் சென்ஸ், சார், தட் எ சிக் வுமன் கேனாட் வெயிட் அன்டில் செவன்.' நோயாளியால் ஏழு மணிவரை காத்திருக்க முடியாது என்பது யாருக்கும் தெரிந்ததுதானே என்று அர்த்தம். மூன்று நாள் அதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். "யாருடி உன்ன திட்டுறா?" என்று அம்மா கேட்டாள்.

நேற்று மேனேஜர் லயத்துக்கு வந்தார். கதவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருந்தோம். நம் லயத்துத் தலைவர் அர்ஜுனன் மாமாவோ, "நம்ம எடத்துக்கு வர்ற மனுசன்கிட்ட வெறுங்கையோட எப்பிடிலா கேக்குறது?" என்று மாலை வாங்கி வந்துவிட்டார். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், வடை கொடுத்தார்கள், அவர் தன் அப்பாவும் எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டியவர்தான் என்று ஆங்கிலத்தில் உருகினார், நம் ஆள்தான் அண்ணா, தமிழ் வாயில் வராதாம். மாலை போட்ட கையோடு ஒருவரிடம் குறை சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. ஒருவரும் கதவு என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவர் கிளம்ப எழுந்ததும் நான் எழுந்து உன் வாக்கியத்தைச் சொன்னேன். கூட்டத்தின் முடிவில் ஒரு பெண் எழுந்து ஆங்கிலம் பேசினால் அது நன்றியுரை என்பதுதானே இங்கே வழக்கம்? 'சார்' என்று நிறுத்தியதும் கைதட்டினார்கள். 'செவன்' என்றதும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். "கலாவதி மவ என்னமா பேசுது பாரேன்!" என்றது சின்னத்தாய் அக்கா.

மேனேஜருக்கு மட்டும் புரிந்துவிட்டது. மாலையைச் சரிசெய்துகொண்டு, "யூஸ் யுவர் காமன் சென்ஸ், கேர்ள்" என்றார். உங்களுக்கெல்லாம் அது இல்லாததுதான் பிரச்சினை, கதவைத் திறந்தால் திருடன் வருவான், உடம்பு முடியாதவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் போய்க் குடியிருக்க வேண்டியதுதானே என்று ஆங்கிலத்தில் முடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். இந்தச் சொல்லைத் தனக்கு மேலே இருப்பவரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசர் எங்களிடம் சொல்வார், நாங்கள் பங்களாதேஷ்காரர்களிடம் சொல்வோம். வாக்கியத்தில் அதை எங்கே வைத்தாலும் கீழே பார்த்துத்தான் விழுகிறது. நான் மேலே எறிந்தேன், என் தலையிலேயே விழுந்தது. நீயும் குறைந்தவன் இல்லை. மீட்டிங் நேரத்தில் அம்மா போன் பண்ணியதற்கு, 'காமன் சென்ஸ் இல்லையா' என்றுதானே அவளைக் கேட்டாய். அவள் அர்த்தம் கேட்டாள். 'அண்ணன் வேலையாக இருக்கிறான்' என்று அர்த்தம் சொன்னேன்.

நாளை சனிக்கிழமை ஒரு தடவை அவளைப் பிடித்துக்கொண்டு அந்த இடுக்கைத் தாண்டிவிடுகிறேன். செவ்வாய்க்கு முன் வந்து அழைத்துப் போ. மேனேஜர் சொன்னது நியாயமென்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தோற்றுவிட்டேன், அவ்வளவுதான்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல். மாரியம்மன் உங்கள் இருவரையும் காக்கட்டும். முடிந்தால் எங்கள் பக்கமும் திரும்பிப் பார்க்கட்டும்.

உன் தங்கை,
நித்தியா

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். அறை வேண்டாம். நாளை அர்ஜுனன் மாமா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தல் சாமானும் நாற்காலிகளும் ஏற்றிய லோரி இன்று விடியுமுன்னே வந்து கதவில் முட்டி நின்றது. வாடகை லோரி, காத்திருக்காது. நோயாளிக்கு வராத கோபம் மாமாவுக்கு நாற்காலிக்கு வந்தது. லோரி ஜாக்கை வைத்துப் பூட்டிய கதவை அப்படியே கீலிலிருந்து தூக்கிப் புல்லில் படுக்கப்போட்டுவிட்டார்கள். ஜாகாதான் விளக்குப் பிடித்தார். லோரிக்குப் பின்னாலேயே முகைதீன் அண்ணனின் வேன் நம் வாசல்வரை வந்தது. அம்மா ராணி மாதிரி ஏறிப் போனாள்.

எட்டு மணிக்கு மேனேஜர் வந்து கத்தினார். அன்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தத்தை நான் மாமாவுக்குச் சொல்லியிருந்தேன். மாமா குனிந்து, "எங்களுக்குக் காமன் சென்ஸ் கெடையாதுன்னு சார்தான் சொன்னீங்க, தெரியாம செஞ்சிட்டோம். பூட்டை யாரும் தொடல சார், பூட்டினபடியே கெடக்கு, பாருங்க" என்றார். கையில் நிச்சயதார்த்த அழைப்புப் பத்திரிகையையும் கொடுத்தார். மேனேஜர் பூட்டைப் பார்த்தார், பத்திரிகையைப் பார்த்தார், "விசேஷம்னா சரி, முடிஞ்சதும் மாட்டிருங்க" என்றார். தமிழில்!

ஆஸ்பத்திரிக்குத் திறக்காத கதவு பந்தலுக்குத் திறக்கிறது. அதனால் லயத்தில் பேசி முடிவு செய்துவிட்டோம். செவ்வாய்தோறும் அம்மனுக்குக் கூழ். சனிக்கிழமைகளுக்குக் காதுகுத்தும் பிறந்தநாளும் வரிசையில் நிற்கின்றன. வியாழன்தான் காலி. நீ அண்ணியோடு வந்து உங்கள் கல்யாண நாளை இங்கே கொண்டாடு. வியாழன்தோறும்.