கிறிஸ்துமஸ் தாத்தாவின் நம்பர்

புதுச்சேரிக்கு விடுதலை கிடைத்து எழுபது வருஷம் ஆகிவிட்டது. முதலியார்பேட்டை ராஜவேலுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, இந்த வருஷம் அதை வாங்கியே தீருவது என்று அவன் முடிவு செய்தான். பேராசை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு நாள் போதும். இருபத்தைந்தாம் தேதி, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.

திட்டம் சுத்தமானது. விடியக்காலையில் வைத்திக்குப்பம் போய் வஞ்சிரம் வாங்குவது. தெரிந்த கடையில் கொடுத்துப் பொரித்துக்கொள்வது. பொட்டலத்தோடு நோணாங்குப்பத்தில் படகு ஏறுவது. பாரடைஸ் பீச் மணலில் மல்லாந்து படுப்பது. ஒன்பது மணி நேரத்துக்கு யாரும் தன்னை 'அப்பா' என்று கூப்பிடாமல் இருப்பது. கூட்டாளி, ஆட்டோ ஓட்டும் நெடுமாறன்; மீன் வாங்குவது அவன் பொறுப்பு. ராஜவேலுக்கு இரண்டு பிள்ளைகள், நெடுமாறனுக்கு மூன்று. ஆகவே விடுதலை வேட்கையும் அவனுக்கு ஒன்றரை மடங்கு அதிகம்.

மனைவி மாலாவிடம் என்ன சொல்வது? அதற்கும் வழி இருந்தது. ராஜவேல் வேலை பார்ப்பது சோப்புக் கம்பெனியில்.

"மாலா, இருபத்தஞ்சாந்தேதி கம்பெனில ஸ்டாக் எடுக்கறாங்களாம். நான் போயே ஆவணும்."

"கிறிஸ்மஸ் அன்னிக்கா?"

"சோப்புக்கு ஏது கிறிஸ்மஸ்?"

"அதுவும் சரிதான். போய்ட்டு வாங்க. வேலதானே முக்கியம்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் இத்தனை சுலபமாக எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. சாதாரணப் புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். ராஜவேல் சாதாரணமானவன் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே.

அவன் இப்படி விடுதலைப் போரில் குதித்ததற்குக் காரணம் பிளம் கேக். மாலாவுக்கு பேக்கரியில் வேலை. டிசம்பர் பிறந்துவிட்டால் ஊரே பிளம் கேக் தின்ன ஆரம்பித்துவிடும். சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள், எல்லாரும். அத்தனையையும் அட்டைப்பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக் கொடுப்பது மாலாவும் இன்னும் இரண்டு பெண்களும். காலையில் நின்றால் இரவு ஒன்பதுக்குத்தான் உட்காருவாள். வீடு வந்து சேரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். பார்த்தால் ராஜவேலுக்குப் பாவமாகத்தான் இருக்கும். பாவமாக இருந்துகொண்டே, "அப்படியே ஒரு டீ" என்பான்.

இதனால் டிசம்பரில் சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகள் அவன் பொறுப்பு. மூத்தவள் இனியா, இரண்டாம் வகுப்பு. இளையவன் கலைவாணன், எல்.கே.ஜி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தங்கக் கம்பிகள். சேர்த்து வைத்தால் கரண்டுக் கம்பிகள். கீழ்வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்கும் சொல்தா குடும்பம், வாசலில் நட்சத்திரம் கட்டியது. நமக்கும் வேண்டும் என்று கலை தரையில் உருண்டான். வாங்கிக் கட்டியாயிற்று. இது சிவப்பு, எனக்கு நீலம்தான் வேண்டும் என்று இனியா உருண்டாள். வீட்டுத் தரையை அந்த மாதம் துடைக்கவே வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி, ரசம் சாதத்தை மேலே எறிந்தால் ஃபேன் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்ற ஆராய்ச்சியில் கலை இறங்கினான். சட்டையெல்லாம் ரசமாக நின்ற அந்த நிமிடத்தில்தான் ராஜவேலுக்கு ஞானம் பிறந்தது. கொல்லைப்பக்கம் போய் நெடுமாறனிடம் போனில் இரண்டு நிமிஷம் பேசினான். அவன் நம்பரைக் 'கிறிஸ்துமஸ் தாத்தா' என்று மாற்றினான். வெள்ளைத் தாடிப் படம் ஒன்றையும் ஒட்டினான். உள்ளே வந்து, ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைகளுக்கு நடுவே போனை வைத்தான்.

"ஹோ! ஹோ! ஹோ!" என்றது போன். "யாரு அங்க சோறு துன்னாம அடம் புடிக்கறது?"

கலையின் கையில் இருந்த கவளம் தானாக வாய்க்குள் போயிற்று.

"தாத்தா, நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள் இனியா.

"நானா? பனி... பனிமலைல."

பின்னால் ஹாரன் அலறியது. 'ஏய், வண்டிய ஓரங்கட்டுய்யா!' என்று யாரோ கத்தினார்கள்.

"அது இன்னாப்பா சத்தம்?"

"மான் வண்டிம்மா. டிராபிக்," என்றான் ராஜவேல்.

"பனிமலைலயா?"

"டிசம்பர் மாசம் இல்ல? எல்லாம் ஒரே நேரத்துல கெளம்பும்."

இனியா தலையை ஆட்டிக்கொண்டாள். ராஜவேல் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாததற்காக வருத்தப்பட்டான்.

மறுநாளிலிருந்து வீடு ராணுவ முகாம். சாப்பிடு என்றால் சாப்பிட்டார்கள். எழுது என்றால் எழுதினார்கள். ஒன்பது மணிக்கு முன்னால் தூங்கியேவிட்டார்கள். ராஜவேல் விடவில்லை. தாத்தாவுக்குத் தினமும் ஒரு அதிகாரம் சேர்த்துக்கொண்டே போனான்.

"தாத்தாவுக்குத் தெரியாதது ஒண்ணும் கெடையாது. பொய் சொன்னா அங்கேருந்தே கண்டுபுடிச்சிடுவாரு."

"அவுரு சொன்னத செய்யலன்னா?" என்பான் கலை.

"செஞ்சே ஆவணும். தாத்தா சொன்னா சொன்னதுதான். அப்பீலே கெடையாது."

பெருமையை மனதுக்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. வீங்கின காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்த மாலாவிடம் போய் நின்றான்.

"பாத்தியா? நீ தொண்டத்தண்ணி வத்தக் கத்துவ. நான் ஒரு பட்டன அமுக்கறேன், முடிஞ்சிது."

"ஆமாங்க. உங்க மூள யாருக்கு வரும்?"

"ரெண்டும் அப்படியே நம்புதுங்க, மாலா!"

"அதான் நானும் பாக்கறேன்," என்றாள் மாலா, வெந்நீரைப் பார்த்துக்கொண்டே. "அந்த சந்தோஷத்த ஏன் கெடுக்கணும்?"

மாலாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. அதுவும் ஒரே ஒரு நாள்தான். இருபத்து நாலாம் தேதி கடைசி கேக்கும் விற்றுப்போன பிறகு, மறுநாள் பேக்கரி லீவு. அன்றைக்குக் காலை நீட்டிப் படுத்து, யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும். இதை அவள் பத்து நாளாக வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜவேலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அது காதுவரைக்கும் வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி விடிந்தது. தெருவெல்லாம் பட்டாசு, கேக் வாசனை. ராஜவேல் கம்பெனிச் சட்டையை மாட்டி, பையை எடுத்தான். இனியா பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டாக் எடுக்கறதுக்கு லுங்கி, துண்டெல்லாம் எதுக்குப்பா?"

"வேர்க்கும்மா."

"கறுப்புக் கண்ணாடி?"

"சோப்பு கண்ணுல பட்டா எரியாது?"

அரையாண்டு லீவு. இரண்டு பிள்ளைகளும் இன்றைக்கு மாலாவின் தலையில்தான். ராஜவேலுக்கு ஒரு கணம் மனது உறுத்தியது. வஞ்சிரத்தை நினைத்தான். சரியாகிவிட்டது.

செருப்பில் கால் நுழைக்கும்போது மேஜையிலிருந்த போன் அடித்தது. திரையில் வெள்ளைத் தாடி. நெடுமாறன் அவசரப்படுத்துகிறான் என்று ராஜவேல் பாய்ந்தான். அதற்குள் இனியா எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"தாத்தா! ஹாப்பி கிறிஸ்மஸ்!"

"தாத்தா இல்லம்மா," என்றது ஒரு பெண் குரல். "தாத்தா வீட்டம்மா பேசறேன்."

ராஜவேல் ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு வெளியிலுமாக நின்றுவிட்டான். தாத்தாவுக்குத் தாடி, சிவப்புச் சட்டை, மான் வண்டி எல்லாவற்றையும் யோசித்தவன், அந்தச் சட்டையைத் துவைப்பது யார் என்று மட்டும் யோசித்ததே இல்லை. குரல் நெடுமாறனின் மனைவி கார்குழலியுடையது.

"தாத்தா எங்க?" என்றான் கலை.

"இங்கதான் மூலைல உக்கார வச்சிருக்கேன். புள்ளைங்கள என் தலைல கட்டிட்டு கடலுக்குக் கெளம்பனாரு. புடிச்சிட்டேன். உங்க அப்பா இருக்காரா?"

"இருக்காரு. கம்பெனிக்குப் போறாரு."

"இன்னிக்கு அந்த கம்பெனி லீவாச்சே!"

மாலா சமையலறையிலிருந்து வந்தாள். மோவாயில் கை. முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியம்.

"இன்னாங்க இது? லீவாமே?"

"அது வந்து... ராங் நம்பர் மாதிரி தெரியுது. குடும்மா, கட் பண்றேன்."

"ராங் நம்பர் இல்லப்பா," என்றாள் இனியா. "பேரு வந்திருக்குது பாரு."

"கேட்டுக்குங்க புள்ளைங்களா," என்றது போன். "இன்னிக்கு அப்பா உங்க ரெண்டு பேரையும் நோணாங்குப்பம் கூட்டிட்டுப் போவாரு. படகு, பீச்சு, ஐஸ்கிரீமு, மத்தியானச் சோறு, எல்லாம் அப்பா. அம்மா தூங்கணும். ஆறு மணிக்கு முன்னாடி யாரும் வந்து கதவத் தட்டக் கூடாது."

ராஜவேல் வேகமாகக் கணக்குப் போட்டான். இது கார்குழலி என்று சொன்னால், அது நெடுமாறன் என்று சொல்ல வேண்டும். நெடுமாறன் என்று சொன்னால் கடல் வரும். கடல் வந்தால் ஸ்டாக் எங்கே என்று மாலா கேட்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண் நின்றாள்.

"இல்லங்க, எனக்கு இன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"அப்பீல் கெடையாதுப்பா," என்றான் கலை.

"பாத்து கூட்டிட்டுப் போங்க," என்றாள் மாலா. அவள் கையில் பிள்ளைகளின் பை தயாராக இருந்தது. தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்றுத்துணி, பிஸ்கட். இத்தனை சீக்கிரத்தில் அதை எப்படி எடுத்து வைத்தாள் என்று கேட்க ராஜவேலுக்குத் தோன்றவில்லை. கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் நன்றாகக் கேட்டது.

நோணாங்குப்பத்தில் படகுக்கு வரிசை ரோடு வரைக்கும் வந்திருந்தது. நடுவில் ஒருவன் தோளில் ஒரு பிள்ளையும் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளுமாக நின்றான். நெடுமாறன்.

"ஏண்டா, காட்டிக்குடுத்துட்டியேடா!" என்று ராஜவேல் பல்லைக் கடித்தான்.

"நானா? காலைல மீன வாங்கிக்கினு, துண்டு எடுக்க வூட்டுக்கு வந்தேன் மச்சான். வாசல்லயே போன புடுங்கிட்டா."

"மீனு?"

"அதையுந்தான். ஒன்றரை கிலோ. மத்தியானம் எடுத்துக்கினு உங்க வூட்டுக்குத்தான் போறாளாம். மாலா தூங்கி எழுந்ததும் ரெண்டு பேரும் சேந்து துன்னுவாங்களாம்."

 அதற்குள் கலைக்கு ஒன்றுக்கு வந்தது. திரும்பி வந்தால் வரிசையில் இடம் போயிருந்தது. மறுபடி கடைசியிலிருந்து நின்றார்கள். படகில் லைஃப் ஜாக்கெட் கழுத்தை இறுக்குகிறது என்று கலை அழுதான். இறங்கும்போது அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுதான். பீச்சில் ராஜவேலால் ஒரு நிமிஷம்கூடப் படுக்க முடியவில்லை. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒன்று எப்போதும் அலையை நோக்கி ஓடும். ஐந்து பிள்ளைகள் இருந்தால் எதை நோக்கி எது ஓடுகிறது என்றே தெரியாது. 'அப்பா' என்ற சொல்லை அன்று கேட்ட அளவுக்கு அவன் ஒரு வருஷத்திலும் கேட்டிருக்க மாட்டான்.

மூன்று மணிக்கு அவனுக்கு ரோஷம் வந்தது. இதற்கெல்லாம் காரணம் அந்தத் தாத்தா. அவர் இருக்கிறவரைக்கும் அந்த வீட்டம்மாவும் இருப்பாள். புதுவருஷத்துக்குப் போன் பண்ணுவாள், பொங்கலுக்குப் பண்ணுவாள். ஆளையே தீர்த்துவிட வேண்டியதுதான். பிள்ளைகள் அழும். அழட்டும், மாலாதான் சமாதானம் செய்ய வேண்டும். அந்த எண்ணம்கூட அவனுக்கு இனித்தது. கலை நெடுமாறனை மணலில் புதைத்துக்கொண்டிருந்தான். ராஜவேல் இனியாவைத் தனியே கூப்பிட்டான்.

"இனியா, அப்பா ஒண்ணு சொன்னா அழக்கூடாது."

"சொல்லுப்பா."

"கிறிஸ்மஸ் தாத்தா நம்ம போன்ல பேசவே இல்ல. அது நெடுமாறன் மாமா. காலைல பேசனது கார்குழலி அத்த."

இனியா அழவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மணலில் கேக் செய்து கிளிஞ்சல் பதித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்பா."

"தெரியுமா? எப்பலேந்து?"

"மொத நாளே."

"பின்ன எதுக்கு பயந்தீங்க? எதுக்கு சோறு துன்னீங்க?"

"அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா சிரிச்சிச்சு. அப்பா போன் போட்டா நம்பற மாதிரியே இருங்க, சொன்ன பேச்சக் கேளுங்க, கிறிஸ்மஸுக்கு அப்பாவே உங்கள போட்ல கூட்டிட்டுப் போவாருன்னு சொல்லிச்சு."

மூன்றாம் தேதி. தான் விடுதலைக்கே நாள் குறித்தது பதினைந்தாம் தேதி என்பது ராஜவேலுக்கு நினைவு வந்தது.  பிறகு, கடைசியாக மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச அப்பா மரியாதையைத் திரட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சரி, போவட்டும். தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத. சின்னப் புள்ள, மனசு ஒடைஞ்சிடும்."

இனியா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"தம்பிக்கும் தெரியும்பா. அம்மா உன்கிட்டதான் சொல்ல வேணாம்னுச்சு. உனக்குத்தான் மனசு ஒடைஞ்சிடுமாம்."