முதலாளி ஜெயிக்கிற புக்

ஐந்தாவது நகர்வில் கம்ப்யூட்டர் தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் நிறுத்தியதும், அதன் புரோகிராமர் தலையில் கைவைத்துக்கொண்டார். செஸ் புரோகிராம்களின் இறுதிப்போட்டி. இரண்டு ஆட்டம். தோற்றால் அலுவலகப் பக்கமே வர வேண்டாம் என்று முதலாளி காலையில்தான் வாழ்த்தி அனுப்பியிருந்தார்.

“ஐயோ, புக்கை மாத்தி ஏத்திட்டேனே!”

ஆரம்ப நகர்வுகளை யோசிக்காமலே ஆடுவதற்காக, கம்ப்யூட்டருக்கு மனப்பாடம் செய்துவைக்கும் தொகுப்புக்குத்தான் புக் என்று பெயர். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று போட்டிக்கு. இன்னொன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆடும் முதலாளிக்கு. இதில் ராணி தானாகப் போய் விழும், முதலாளி ஜெயிப்பார், எல்லோருக்கும் சம்பளம் வரும்.

முதல் ஆட்டம் போயிற்று.

இரண்டாவதில் புக்கையே அணைத்துவிட்டார். அதுவும் வினையாகப் போயிற்று. முதல் காயை நகர்த்தவே கம்ப்யூட்டர் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி யோசித்தது. கடிகாரம் கரைந்தது. அவர் உடனே அலுவலகத்து அக்காவுக்குப் போன் போட்டார்.

“அக்கா, நல்ல புக் முதலாளி கம்ப்யூட்டர்ல மாட்டிக்கிச்சு. எப்படியாவது எடுத்து அனுப்புங்க!”

“எங்க எடுக்கறது? அவர் அதுலதான் ஆடிட்டிருக்காரு. தோத்துத் தோத்து மூஞ்சி சிவந்துபோச்சு.”

“வைரஸ்னு சொல்லி எழுப்புங்கக்கா!”

சற்று நேரத்தில் அக்காவே கூப்பிட்டாள்.

“சொன்னேன் தம்பி. ‘வைரஸ் இவ்வளவு நல்லா ஆடுதே, அப்ப இத்தனை நாள் என்கூட ஆடினது யாரு?’ன்னு கேட்டாரு. கார்ல ஏறிட்டாரு. அங்கதான் வர்றாரு.”

புரோகிராமர் கண்முன் வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மனைவியின் முகம் எல்லாம் வரிசையாக வந்து போயின.

அப்போதுதான் எதிர்க் கம்பெனியின் புரோகிராம் தன் ராணியைத் தூக்கி நடுப்பலகையில் வைத்தது. சும்மா. காவலே இல்லாமல்.

‘பொறி! எடுத்தா செத்தோம்!’ அவர் கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு ஏது பயம்? எடுத்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் தீர்வதற்குள் எதிராளியின் ராஜாவையும் மடக்கிவிட்டது. ஆளுக்கொரு வெற்றி.

அவர் சந்தோஷப்படவில்லை. வாசலில் கார்க் கதவு அறையும் சத்தம் கேட்டது.

“பின்பக்கமா வழி இருக்கா சார்?”

கேட்டது அவர் அல்ல, எதிர்க் கம்பெனியின் புரோகிராமர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“உங்களுக்கு என்னங்க பயம்? வர்றது எங்க முதலாளி.”

“பின்னாடி இன்னொரு கார் வருது பாருங்க சார். எங்க முதலாளியும் மதியம் செஸ் ஆடுவாரு.”