கேப்டன் உட்காரவில்லை

முன்னாள் ராணுவ வீரர்களுக்கு நன்றி சொல்லும் விழா தொடங்கவேண்டிய நேரம். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மண்டப மேனேஜர் காலி நாற்காலி தேடினார்; ஒன்றுகூட இல்லை.

போன வருடம் இதே விழாவில் ஒரு வீரர் கால் கடுக்க நின்றுவிட்டு வீடு திரும்பினார். ஊரே காறித் துப்பியது. "இந்தத் தடவை ஒருத்தர் நின்னாலும் நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே," என்று விழா நடத்தும் சங்கத்தின் தலைவர் சொல்லியிருந்தார்.

மேனேஜர் தன் அறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"உக்காருங்க சார்."

"நான் கேப்டன். என் ஆளுங்க எல்லாரும் உக்காந்தப்புறம்தான் நான்."

அதற்குள் ஈரச் சீருடையில் இன்னொருவர் வந்து அதில் உட்கார்ந்துவிட்டார். வெளியே நல்ல வெயில். மேனேஜருக்கு அதை யோசிக்க நேரமில்லை. டீக்காரரின் முக்காலியைப் பிடுங்கி வந்தார். அதற்குள் இருவர் நின்றார்கள். மேடை நாற்காலிகளை இறக்கினார். கதவருகே ஒரு கூட்டமே நின்றது.

ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இப்போதெல்லாம் சீக்கிரமே ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள் போலும் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

"சார், ஒருத்தரும் டீயைத் தொடல," என்றார் டீக்காரர். "ஆவி பறக்கக் கொண்டுபோறேன், கிட்ட வெச்சதும் சில்லுனு ஆயிடுது."

"சர்க்கரை வியாதியா இருக்கும்யா. நீ போ."

மிஞ்சியது தலைவரின் மெத்தை நாற்காலி. அவர் உட்காரக் குனிந்த நேரத்தில் மேனேஜர் அதை இழுத்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"யாரும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

கேப்டன் வரிசைகளை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல்கூட இல்லை. பிறகுதான் அவர் மெத்தை நாற்காலியில் அமர்ந்து மேனேஜரின் கையைப் பிடித்தார்.

"இத்தனை வருஷத்துல எங்களை உக்காரச் சொன்னது நீங்க ஒருத்தர்தான் தம்பி."

மேனேஜருக்கு வேலை தப்பியது என்ற நிம்மதி. அந்தக் கை மட்டும் ஐஸாகச் சில்லிட்டது. ஏசியைக் குறைக்கச் சொல்லத் திரும்பினார்.

வாசலில் வேன் டிரைவர் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார், வழியில பஞ்சர். மிலிட்டரிப் பெரியவங்க எல்லாரும் இப்பதான் இறங்குறாங்க, எங்க உக்கார வைக்கட்டும்?"